படகு ஓட வேண்டிய மாதிரி ஓடவில்லையா? புரொப்பல்லர், டிரிம் டேப் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணாச்சி, திராட்டில் முழுசா குடுத்தாலும் போட்டு எந்திரிக்கவே மாட்டேங்கு. டிரிம் டேப் ரெண்டு வாங்கிப் போட்டுரட்டுமா?"

உவரியில் இருந்து ஒரு தம்பி போன வாரம் போனில் கேட்டது இது. போட்டு எந்திரிக்கவில்லை என்றால், படகு வேகத்தில் தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்கி ஓடவில்லை என்று அர்த்தம். டிரிம் டேப் என்பது படகின் பின்பலகை அடியில் இரு பக்கமும் ஏற்றி இறக்கும் தகடு. 17 அடி ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதற்காக வாங்கியது. "தம்பி, முதல்ல ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன். நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் அந்த மீட்டரே இல்லையாம். மீட்டர் இல்லாமல் புரொப்பல்லரைப் பற்றிப் பேசுவது, தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது போலத்தான்.

மணப்பாடு தொடங்கி கூட்டப்புளி வரை நம் கரையில் பெரும்பாலும் கடற்கரை மணலில் இருந்துதான் படகை இறக்குகிறோம், மணலில்தான் ஏற்றுகிறோம். அலையோடு மணலும் கிளம்பி வரும். வலைக்கயிறும் தங்கூசியும் (நைலான் இழை) மிதக்கும். இங்கே வருகிற கோளாறுகளில் பாதி அதனால்தான். வெளியூர்க் கையேடுகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அதனால் நம் கடலுக்கு ஏற்றபடி, அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன்.

எதையும் மாற்றும் முன் செய்ய வேண்டியது

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுத் திராட்டிலில் ஆர்.பி.எம்., அப்போது ஜி.பி.எஸ். காட்டும் வேகம், படகில் இருந்த மொத்தப் பாரம். இன்ஜின் கையேட்டில் முழுத் திராட்டிலுக்கான ஆர்.பி.எம். எல்லை போட்டிருப்பார்கள். சில இன்ஜின்களுக்கு 4500 முதல் 5500, பலவற்றுக்கு 5000 முதல் 6000. உங்கள் இன்ஜினுக்கு எது என்று கையேட்டில் பாருங்கள்.

வேகத்தைப் போகும்போது ஒரு முறை, அதே பாதையில் திரும்பும்போது ஒரு முறை எடுத்துச் சராசரி போடுங்கள். நீரோட்டமும் காற்றும் ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும். சோதனையை எப்போதும் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி நடுப்பகல் சூட்டில் காற்றின் அடர்த்தி குறைந்து இன்ஜினின் சக்தியும் இறங்கும். காலையில் 5300 காட்டிய அதே படகு மதியம் 5100 காட்டினால் புரொப்பல்லரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் பாரம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 50 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 37 கிலோ. ஆறு பேர் ஏறினால் 400 கிலோ வந்துவிடும். 40 குதிரைத்திறன் இன்ஜினுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் வழக்கமாக எத்தனை பேரோடு போவீர்களோ, அதே பாரத்தில் சோதியுங்கள். தனியாகப் போய் எடுத்த எண்ணை நம்பிப் புரொப்பல்லர் வாங்கினால் குடும்பத்தோடு போகும் அன்றைக்குக் கஷ்டப்படுவீர்கள்.

அறிகுறி: முழுத் திராட்டிலிலும் ஆர்.பி.எம். ஏறவில்லை, இன்ஜின் முனகுகிறது

நம் பக்கம் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இன்ஜினுக்கு ஆபத்தானதும் இதுதான். ஆர்.பி.எம். கொஞ்சம் கூடினால் சத்தம் போட்டு எச்சரிக்கும், நீங்களே குறைத்துவிடுவீர்கள். குறைந்த ஆர்.பி.எம்.மில் முழுப் பாரம் இழுக்கும் இன்ஜின் சத்தமில்லாமல் சூடேறிப் பிஸ்டனைக் கெடுத்துக்கொள்ளும். கியரை மாற்றாமல் பாபநாசம் மலைச்சாலையில் டாப் கியரிலேயே லாரியை ஏற்றினால் என்ன ஆகுமோ அதேதான்.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகு என்றால் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிர்) பாசியும் பிடித்திருக்கும். ஒரு மெல்லிய படலம்கூட வேகத்தைத் தின்னும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எண்களை எடுங்கள். அடுத்து, படகுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர். பழைய ஃபைபர் படகில் தளத்துக்குக் கீழே இருக்கும் ஃபோம் வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும். வடிகால் மூடியைத் திறந்து, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் மணல் நனைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இவை சரியென்றால் இன்ஜின் உடல்நலம். ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர், கார்புரேட்டர். ஒரு சிலிண்டர் வேலை செய்யாத இன்ஜினுக்கு எந்தப் புரொப்பல்லரும் பொருந்தாது. அதற்குப் பிறகுதான் பிட்ச்.

புரொப்பல்லரின் ஹப்பில் (நடுக்குடம்) அல்லது இலையில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். 11-க்கு 13 என்றால் 11 அங்குல விட்டம், 13 அங்குல பிட்ச். பிட்ச் என்பது வழுக்காமல் திருகு மரத்தில் ஏறுவது போல ஏறினால், ஒரு சுற்றுக்குப் படகு எவ்வளவு முன்னால் போகும் என்ற கணக்கு. பிட்சை ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். ஒரு அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும்.

என் 18 அடிப் படகில் முதலில் இருந்தது 13 பிட்ச். கையேட்டின் எல்லை 4500 முதல் 5500. நான் மட்டும் போனால் 5200. ஆறு பேரோடு போனால் 4400-ஐத் தாண்டாது, படகு மேலே எழும்பவே வெகுநேரம் எடுக்கும். அந்த நேரத்தில் நான் செய்த தவறு, புரொப்பல்லரைப் பார்க்காமல் டிரிம் டேப் வாங்கியது. தகடுகள் பின்பக்கத்தைத் தூக்கின, உண்மை. ஆனால் இன்ஜின் முனகல் அப்படியே இருந்தது. பிறகு 11 பிட்ச் வாங்கிப் போட்டேன். ஆறு பேரோடு 4800-க்கு வந்தது, சட்டென்று எழும்பியது. தனியாகப் போகும் அன்று முழுத் திராட்டில் கொடுத்தால் 5500-ஐ உரசும், அதனால் கொஞ்சம் குறைத்து ஓட்டுகிறேன். உச்ச வேகம் சற்றுக் குறைந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அது நஷ்டமே இல்லை.

பழைய 13-ஐத் தூக்கி எறியவில்லை. உதிரிக்கு படகிலேயே இருக்கிறது.

வழுக்கல் எவ்வளவு என்று பார்ப்பது எப்படி

பிட்ச் கணக்குப்படி போக வேண்டிய வேகத்தைவிட உண்மையில் எவ்வளவு குறைவாகப் போகிறது என்பதுதான் வழுக்கல். இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் பல சந்தேகம் தீரும். ஆர்.பி.எம்.மை இன்ஜினின் கியர் விகிதத்தால் (புரொப்பல்லர் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று) வகுங்கள். வருவதைப் பிட்சால் பெருக்குங்கள். அதை 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போயிருக்க வேண்டும் என்று வரும்.

உதாரணம்: 5000 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2-க்கு 1, பிட்ச் 12. 2500 பெருக்கல் 12 பெருக்கல் 0.001524, அதாவது 45.7 கி.மீ. ஜி.பி.எஸ். 39 காட்டினால் வித்தியாசம் 6.7. அது 15 சதவீத வழுக்கல். மேலே எழும்பி ஓடும் படகுக்கு 10 முதல் 20 சதவீதம் வரை இயல்பு. வழுக்கல் 30, 35 என்று வந்தால் பிட்சை மாற்றி முடிவெடுக்காதீர்கள். காற்று உறிஞ்சுகிறதா, இலை வளைந்திருக்கிறதா, ஹப் வழுக்குகிறதா என்று அடுத்த பகுதியில் தேடுங்கள்.

அறிகுறி: இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை

மூன்று காரணம் உண்டு. ஒவ்வொன்றும் வரும் விதம் வேறு.

வளைவில் திரும்பும்போதோ, அலை உச்சியைத் தாண்டும்போதோ மட்டும் அலறினால் புரொப்பல்லர் மேலிருந்து காற்றை இழுக்கிறது. இன்ஜின் உயரம் கூடுதல், அல்லது இன்ஜினை வெளிப்பக்கமாக அதிகம் டிரிம் செய்திருக்கிறீர்கள், அதாவது புரொப்பல்லர் படகைவிட்டு விலகும்படி சாய்த்திருக்கிறீர்கள். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் அல்லது அதிகபட்சம் ஒரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். நீளமான ஸ்கேலை அடிப்பாகத்தில் பிடித்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவுட்போர்டுகள் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்ற பின்பலகை உயரங்களுக்கு வரும். 20 அங்குலப் பலகையில் குட்டைத் தண்டு இன்ஜினைக் கட்டியிருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. இன்னொன்று, புரொப்பல்லருக்கு நேர் முன்னால் அடிப்பாகத்தில் ஆழமானியின் சென்சாரோ, உடைந்த விளிம்போ இருந்தாலும் அது காற்றுக் குமிழியைக் கிளப்பி இலைமேல் அனுப்பும்.

காற்று இழுப்பதையும் கேவிட்டேஷனையும் பலர் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். கேவிட்டேஷன் என்பது இலையின் படகைப் பார்த்த முகத்தில் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே அங்கே ஆவிக்குமிழியாவது. குமிழி உடையும்போது உலோகத்தைக் கொத்தும். இலையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் அது கேவிட்டேஷன். பெரும்பாலும் இலையின் முன்விளிம்பு நசுங்கியதால் வருவது. இங்கே மணலில் இடித்து நசுங்காத முன்விளிம்பு அபூர்வம்.

மெதுவாகப் போகும்போது எல்லாம் சரி, திராட்டிலைத் திறந்ததும் இன்ஜின் மட்டும் ஏறுகிறது, நேராகப் போகும்போதும் அப்படியே என்றால் ஹப்பின் ரப்பர் புஷ் வழுக்குகிறது. பாறையில் இடித்தால் கியர் உடையாமல் தான் நழுவிக் காப்பாற்றுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை நழுவியது பிறகும் நழுவும். பெயின்டால் உள்வளையத்தில் இருந்து வெளி ஹப் வரை ஒரே கோடு இழுத்துவிட்டுக் கடலுக்குப் போய்வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. மாற்றும் வரை அரைத் திராட்டிலுக்கு மேல் போகாமல் கரை சேருங்கள். சின்ன இன்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதில் ஒரு ஷியர் பின் இருக்கும். இடித்ததும் அது முறியும், படகு ஒரேயடியாக நின்றுவிடும். உதிரி பின் இரண்டு, கோட்டர் பின் இரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும்.

மூன்றாவது, எந்தக் குறையும் இல்லாமல் எல்லையைத் தாண்டி ஆர்.பி.எம். ஏறினால் பிட்ச் போதவில்லை. ஒரு அங்குலமோ இரண்டோ கூட்டுங்கள்.

அறிகுறி: அணியம் வானத்தைப் பார்க்கிறது, படகு மேலே எழும்பவில்லை

பின்பக்கம் பாரம் கூடினால் இப்படி ஆகும். பெட்ரோல் டாங்கி, பாட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால், ஆட்களும் பின்னால் என்றால் எந்தப் படகும் குந்தத்தான் செய்யும். முதலில் ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்துங்கள். செலவில்லாத வைத்தியம். புறப்படும்போது இன்ஜினை முழுவதும் உள்பக்கமாக டிரிம் செய்யுங்கள், எழும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள்.

அப்புறமும் எழும்பவில்லை, ஆனால் ஆர்.பி.எம். சரியாக இருக்கிறது என்றால், டிரிம் டேப்புக்கு இதுதான் உண்மையான இடம். பின்பலகையின் அடியில் இரு பக்கமும் கீல் வைத்த தகடு. கீழே இறங்கும்போது பாய்கிற தண்ணீர் அதில் மோதிப் பின்பக்கத்தை மேலே தள்ளும், அணியம் தானாகக் கீழே வரும். தகட்டின் அளவுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் தொடக்கக் கணக்கு எளிது. படகு எத்தனை அடியோ, ஒவ்வொரு பக்கத் தகடும் ஏறக்குறைய அத்தனை அங்குல அகலம். சின்னப் பின்பலகையில் அவ்வளவு இடம் இருக்காது. அப்போது அகலம் குறைந்த, நீளம் கூடிய தகடு எடுக்கலாம். பக்க ஓரத்தில் இருந்து மூன்று நான்கு அங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். புரொப்பல்லருக்கு நெருக்கமாக வைத்தால் அதற்குப் போகிற தண்ணீரைக் கலக்கிவிடும். திருகுத் துளைகளில் கடலுக்கான சீலன்ட் நிறைய வையுங்கள். துளை வழியாகத் தண்ணீர் போய்ப் பின்பலகையின் உள்மரம் உளுத்தால் இன்ஜின் கட்டிய இடமே பலவீனமாகும்.

நான்கு இலைப் புரொப்பல்லரும் இதே நோய்க்கு நல்லது. மூன்று இலையைவிடப் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கும், பாரத்தோடு பிடித்து இழுக்கும், கலங்கிய கடலில் விடாது. உச்ச வேகம் கொஞ்சம் போகும். மூன்றில் இருந்து நான்குக்கு மாறும்போது பிட்சை ஒரு அங்குலம் குறைத்து எடுங்கள். ஸ்டீலா அலுமினியமா என்றும் கேட்பார்கள். ஸ்டீல் இலை மெல்லியது, வளையாது, ஓட்டம் நன்றாக இருக்கும். ஆனால் மணலிலும் பாறையிலும் இடிபடும் நம் கரைக்கு நான் அலுமினியத்தைத்தான் சொல்வேன். இடித்தால் இலை வளைந்து தன்னைக் கெடுத்துக்கொண்டு கியரைக் காப்பாற்றும்.

அறிகுறி: ஓடும்போது அணியம் துள்ளித் துள்ளி விழுகிறது

தட்டையான கடலிலும் டால்பின் போலத் துள்ளினால் இன்ஜினை வெளியே அதிகம் டிரிம் செய்திருக்கிறீர்கள். உள்ளே இழுங்கள், அல்லது இரண்டு தகட்டையும் ஒரு பொட்டு இறக்குங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் ஸ்கேலை அடிப்பாகத்தின் பின்முனையில் நீளவாக்கில் வையுங்கள். மணலில் தவறாக முட்டுக்கொடுத்து நிறுத்திய படகுகளில் அடிப்பாகம் வளைந்துபோவது உண்டு.

அறிகுறி: படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது

ஆட்கள் சரிசமமாக உட்கார்ந்திருந்தும் சாய்ந்தால் பெரும்பாலும் காற்று. கச்சான் பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பக்கவாட்டில் காற்று வாங்கிப் போகும்போது நீங்கள் அறியாமலே ஸ்டியரிங்கைக் காற்றுப் பக்கம் பிடித்திருப்பீர்கள். அதனால் படகு காற்று வரும் பக்கமே சாயும். தாழ்ந்திருக்கும் பக்கத்துத் தகட்டை இறக்கினால் அந்தப் பக்கம் எழும்பும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். பல சுவிட்சுகளில் இடப்பக்க பட்டன் எழுதப்பட்டிருப்பது அணியத்தின் இடப்பக்கத்தைக் குறித்து. அதை அமுக்கினால் இறங்குவது வலப்பக்கத் தகடு. கரையில் நிற்கும்போதே ஒருவரைப் பின்னால் நிறுத்தி, எந்த பட்டனுக்கு எந்தத் தகடு அசைகிறது என்று பார்த்துவிடுங்கள். வேகம் கூடக் கூடத் தகட்டின் வலு பலமடங்கு ஏறும். அதனால் லேசாக ஒரு தட்டு, சில விநாடி பொறுத்திருந்து அடுத்த தட்டு. அவசரப்பட்டு அமுக்கிப் பிடித்தால் படகு மறுபக்கம் விழும்.

ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது, படகு சாயவில்லை என்றால் அது வேறு. புரொப்பல்லருக்கு மேலே சின்ன மீன்வால் போல ஒரு துண்டு தொங்கும். போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைக் கொஞ்சம் திருப்புங்கள். பல இன்ஜின்களில் அதுவே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோடும்கூட. பெயின்ட் அடித்தால் அந்த வேலை நின்றுபோகும். கடலுக்கு ஜிங்க் அல்லது அலுமினிய அனோடு. நல்ல தண்ணீருக்கான மக்னீசியத்தைக் கடலுக்குப் போடாதீர்கள்.

அறிகுறி: எதிரலையில் அடிக்கிறது, பின்னலையில் பிடுங்குகிறது

எதிரே அலை வரும்போது தகடுகளைச் சற்று இறக்கி அணியத்தைத் தாழ்த்துங்கள். கூர்மையான முன்பாகம் அலையை வெட்டும், முதுகெலும்பு தப்பும். கரைக்குத் திரும்பும்போது அலை பின்னால் இருந்து தள்ளும். அப்போது தகடுகள் முழுவதும் மேலே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தாழ்ந்த அணியம் முன்னால் இருக்கும் அலையில் குத்தி நட்டுக்கொண்டால் பின்பக்கம் சுழன்று படகு குறுக்கே விழும், கவிழவும் செய்யும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு, ஓட்டுபவர் கில் சுவிட்ச் கயிற்றைக் (ஆள் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு) கையில் மாட்டியபடி மட்டுமே அலை உடையும் இடத்தைக் கடக்க வேண்டும்.

அறிகுறி: அதிர்வு

இன்ஜினை நிறுத்துங்கள், கில் சுவிட்ச் கயிற்றை எடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், பிளக் ஒயரையும் கழற்றுங்கள். அதன் பிறகே கையை உள்ளே விடுங்கள். ஒரு இலை வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். கிராமத்துப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நேராக்கினால் பார்வைக்குச் சரியாக இருக்கும், பிட்ச் இலைக்கு இலை மாறியிருக்கும், அதிர்வு போகாது.

புரொப்பல்லரைக் கழற்றியதும் அதன் பின்னால் தண்டில் பாருங்கள். தங்கூசி சுற்றிக்கொண்டு ஆயில் சீலைத் தின்றுகொண்டிருக்கும். கியர் ஆயிலைச் சொட்டு விட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, சீல் மாற்றும் வரை கடலுக்குப் போகாதீர்கள். திரும்ப மாட்டும்போது தண்டில் தண்ணீர் கரைக்காத கிரீஸ், திரஸ்ட் வாஷர் அதன் சரியான முகத்தில், நட்டை இறுக்க இலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை, புது கோட்டர் பின்.

அறிகுறி: டிரிம் டேப் அசையவில்லை, அல்லது ஒன்று மட்டும் அசைகிறது

ஃபியூஸ், பாட்டரி இணைப்பு, ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் அளவு. இந்த வரிசையில் பாருங்கள். இவை மூன்றும் சரி என்றால் கீலில் கொட்டலசு பிடித்திருக்கும் அல்லது தகடே மணலில் இடித்து வளைந்திருக்கும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது கடைசியில் சொன்னதுதான். கரையேறும்போது இன்ஜினைத் தூக்க எல்லோருக்கும் நினைவிருக்கிறது, தகட்டைத் தூக்க மறந்துபோகிறது. அலை படகைக் கொண்டுவந்து மணலில் வைக்கும்போது மொத்தப் பாரமும் அந்த இரண்டு தகட்டின்மேல் இறங்கும். உவரி தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன்: மீட்டர் வாங்கி மாட்டுங்க, அடிப்பாகத்தைச் சுரண்டுங்க, ஆறு பேரோட எண் எடுத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் டிரிம் டேப் தேவைன்னா, கரைக்கு வரும்போது முதல்ல தகடு, அப்புறம் இன்ஜின், இந்த வரிசையிலதான் தூக்கணும்.